உருகிய சீஸும் என் பதிலும்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று ஓட்டமாவடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இனிப்புக்கு வழக்கம்போல வட்டிலப்பம் செய்யச் சொன்னார் உம்மா. நான் சீஸ்தான் என்றேன். வீட்டிலிருந்தே சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்து விற்பதில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். முழு வட்டச் சீஸின் மேல்தோலைக் கோடு கோடாகக் கீறி ஓவனில் வைத்தேன். உள்ளே இளகியதும் எடுத்துத் தேன் ஊற்றி, வறுத்த கஜு முந்திரியும் மாதுளை முத்தும் தூவினேன். சுற்றிவர மொறுமொறுவென்று வாட்டிய பாண் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் வைத்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார். "நல்ல ருசி மகள். கலியாணத்துக்குப் பொறகு ஓடரெல்லாம் எதுக்கு? ஊட்டுக்குச் செஞ்சாப் போதும்" என்றார்.

"இல்ல மாமி. ஓடர நான் உடமாட்டன்" என்றேன்.

மாப்பிள்ளை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

அவர்கள் போனதும் உம்மா அழுதார். "வாயக் கொஞ்சம் பொத்தியிருக்கலாமே புள்ள." வாப்பா மிச்சச் சீஸை வழித்துச் சாப்பிட்டார்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார். "மகன் ஓம் எண்டுட்டான். எனக்குத்தான் இன்னும் மனசு சரியில்ல" என்றார்.

"பரவாயில்ல மாமி, மெதுவாச் சரியாகட்டும்" என்றேன்.

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று இன்னும் பிடிபடவில்லை. எதுவானாலும் நான் சொன்னதை மாற்றப் போவதில்லை.