தூளி கட்டிய குடோன்

இன்று ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குத் தலைக்கு ஊற்றினேன். முதல் சொம்புத் தண்ணீர் விழுந்ததுமே அவள் தலையிலிருந்து முந்திரி ஓடு கருகுகிற வாடை எழும்பி வந்தது. சீயக்காய் தேய்த்தேன், பயத்தமாவு தேய்த்தேன், போகவில்லை. அவள் கண்ணெரிந்து அழ, நான் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது உன் வாடை. திருச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உன் சேலையிலிருந்து வருமே, அது. உங்கள் வீடே முந்திரிக் கொட்டகைக்குப் பின்னால்தான் என்பதால் துவைத்துக் காயப்போட்ட சேலையிலும் அது ஏறிவிடும் என்பாய். அதற்காகவே ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுத்தரமாட்டாய்.

நீ போனது போன கார்த்திகையில். இப்போது ஆவணி. இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கிற நேரத்தில், நடுநடுவே அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஏன் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

நாம் சேர்ந்தது பணியாளர் மேலாண்மைப் பட்டயப் படிப்பு. தபாலில் பாடம் வரும், எல்லாம் இங்கிலீஷில், மை அப்பிய சைக்ளோஸ்டைல் தாளில். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு திருச்சியில் வகுப்பு. நீ ஜெயங்கொண்டத்திலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய், நான் உடையார்பாளையத்தில் ஏறுவேன். எங்கள் நிலத்துக்குக் களையெடுக்க வந்தவர்களின் தெருவில் பிறந்தவள் நீ என்பதை இருவருமே பேசிக்கொண்டதில்லை. ஆனால் முதல் மாதம் என் சோற்று டப்பாவிலிருந்து எடுக்க நீ தயங்கியதும், நான் உன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும்.

வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். மற்றவர்கள் எல்லாம் சிமெண்ட் ஆலை, சர்க்கரை ஆலைகளில் ஆள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸ்காரர்கள். எதற்காக இந்தப் படிப்பு என்று சார் ஒவ்வொருவராகக் கேட்டபோது, எல்லாரும் பதவி உயர்வு என்றார்கள். நீ எழுந்து, "எங்கம்மா முந்திரிக் கொட்ட ஒடைக்குது சார். அந்த எடத்துலயே ஆபீஸ் ரூம்ல உக்காரணும்" என்றாய். பின்வரிசையில் சிரித்தார்கள். "உக்காந்து என்ன செய்வே?" என்று ஒருவர் கேட்க, "உங்க மாதிரி டீ குடிக்க மாட்டேன்" என்றாய்.

ஒருநாள் சார் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் நிர்வாகம், ஒரு பக்கம் தொழிலாளர். பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். நீ தொழிலாளர் பக்கம்தான் உட்காருவாய் என்று நினைத்தேன். நீ நேராகப் போய் நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் தொழிலாளர் தலைவி. ஓர் ஆலையில் இத்தனை பெண்களுக்கு மேல் வேலை செய்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறை தர வேண்டும் என்ற சட்டத்தை முதல் நாள்தான் படித்திருந்தோம். நான் அதைத்தான் கேட்டேன்.

நீ மூக்குக்கண்ணாடி இருப்பதுபோல ஒரு விரலால் தள்ளிவிட்டுக்கொண்டாய். "சட்டத்த நாங்க மதிக்கிறோங்க. அத்தன பொம்பளைங்க இருந்தாத்தானே ரூமு? நாளையிலேர்ந்து பாதிப் பேரு வர வேணாம். கொட்டைய மூட்ட கட்டி வூட்டுக்கே அனுப்பிடுறோம். வூட்டுலயே ஒடைங்க. புள்ளயும் கண்ணு முன்னாடி இருக்கும். திருப்திதானே?"

வகுப்பே கைதட்டியது. திரும்பி வரும் பஸ்ஸில் லால்குடி தாண்டியதும்தான் கேட்டேன். "நீ எந்தப் பக்கம்டி?"

"எங்க பக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கந்தான் தெரியாது. அதான் போயி உக்காந்து பாத்தேன்" என்றாய். பிறகு, "அங்கேர்ந்து பாத்தா எங்கம்மாவோட மூஞ்சி தெரியலடி. தலைதான் தெரியுது. எத்தன தலைன்னு" என்றாய். "சரி, ஆள நிறுத்திடுவேன்னு சொன்னா என்னதான் பண்றது?" என்று கேட்டேன். "ஆள நிறுத்த முடியாத மாசமா பாத்துக் கேக்கணும்" என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை.

படித்து முடித்ததும் நினைத்தபடியே அந்த ஆபீஸில் உட்கார்ந்தாய். முதலாளிக்கு வெளிநாட்டு ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரோடு பேசவும் காகிதம் பார்க்கவும் படித்த ஆள் வேண்டியிருந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, நான் அரியலூருக்கு வந்துவிட்டேன். முதல் வாரமே என்னைப் பார்க்க வந்தாய். சந்தோஷமாக இருப்பாய் என்று பாயசம் வைத்திருந்தேன். நீ டம்ளரைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாய். "நான் உள்ள போனா எங்கம்மா எந்திரிச்சு நிக்குதுடி. கை பூரா ஓட்டு எண்ணெயும் சாம்பலுமா நிக்குது. உக்காரும்மான்னு சொல்ல முடியல. மேஸ்திரி பாக்குறான்."

அந்தக் கொட்டகையைப் பற்றிக் கேட்டிருந்தேனே தவிர, பார்த்தது அடுத்த வைகாசியில்தான். என் படிப்பில் பாக்கியிருந்த ஆய்வறிக்கைக்காக, வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நல்ல சீசன். வாசலெங்கும் கொட்டைக் குவியல். டிரம்மில் கொட்டையைப் போட்டு வறுக்கிற புகை தொண்டையை அறுத்தது. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். குடோனிலிருந்து மூட்டைகளை வெளியே தள்ளி, சாணம் தெளித்து, உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் கட்டியிருந்தார்கள். சுவரில் ஒரு குழந்தை காலண்டர். பெண்களிடம் அன்று மட்டும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். கொட்டை உடைக்கிற ஒரு பெண், "மூத்தது இருந்தா மூத்ததுகிட்ட. இல்லாட்டி கால்ல கவுறு போட்டுக் கட்டிடுவோம்" என்றாள். உதடு வெந்து ஊதாமருந்து தடவிய ஒரு பிள்ளையை உன் இடுப்பில் வைத்திருந்தாய். அது முந்திரி ஓட்டைப் பொறுக்கி வாயில் வைத்து, ஓட்டு எண்ணெய் சுட்டுவிட்டதாம்.

இன்ஸ்பெக்டர் பார்த்தார், தலையாட்டினார், போனார். ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் மேஸ்திரி ஸ்டூலைப் போட்டு ஏறித் தூளிகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அவுக்காத மேஸ்திரி" என்றாய்.

"ஏம்மா? அதான் போயிட்டாருல்ல."

"கெளம்பும்போது என்ன சொன்னாருன்னு கேட்டியா? இங்கிலீஷ்ல சொன்னாரு. திடீர்னு திரும்பியும் வருவாராம்."

"எப்ப?"

"அத சொன்னா அது திடீர்னா?"

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மேஸ்திரி ஸ்டூலிலிருந்து இறங்கினான். மறுநாளும் அதையே சொன்னாய், அதற்கு மறுநாளும். முதலாளி கேட்டபோது, "இப்ப அவுத்துட்டு நாளைக்குப் புடிச்சாங்கன்னா சரக்கு நின்னுபோயிரும் சார்" என்றாய். குவியல் அப்படியிருக்கும்போது யாரையும் நிறுத்த அவருக்குத் துணிச்சல் இல்லை. வராத இன்ஸ்பெக்டரைக் காட்டியே அந்த அறையை நடத்தினாய். ஆனி போய், ஆடி வந்து, எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் தூளிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் என் மகளைப் பார்க்க வந்தாய். உள்ளேயே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி, "காட்டு, பாத்துக்கிறேன்" என்றாய். நான் உன் கையில் கொடுக்க வந்தபோது பின்னால் நகர்ந்தாய். "வேணாம்டி. சேல பூரா பொகை. புள்ளைக்கு ஆவாது." உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாய். திருச்சி டாக்டர் அந்த இடத்தை விட்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறார் என்றாய். வந்துவிடேன் என்றேன். "மழ பெய்யிது. இப்ப நான் வந்துட்டா தூளிய அவுத்துட்டு மூட்டைய அடுக்கிடுவாங்க. தை பொறக்கட்டும்" என்றாய்.

தை உனக்குப் பிறக்கவில்லை. மழையில் புகை மேலே போகாமல் கொட்டகைக்குள்ளேயே கிடந்த ஒரு நாளில் இழுப்பு முற்றி, அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியில் வேனிலேயே போய்விட்டாய். காரியத்துக்கு வந்தேன். உன் அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அதப் பெத்தப்ப போட்டு வைக்க எடமில்லம்மா. டிரம்மு பக்கத்துலயே சாக்க விரிச்சுப் போட்டு வச்சிருந்தேன். என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னுதான்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்து அன்று நீ சொன்ன "புள்ளயும் கண்ணு முன்னாடி இருக்கும்" எங்கிருந்து வந்தது என்று.

தை மாதம் முதலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார். "அந்தப் பொண்ணு படிச்ச அதே படிப்புதானே?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. உன் வேலையில் சேர நான் போனபோது குடோனில் பாதிக்கு மூட்டை ஏறியிருந்தது. தூளிகள் மிச்சம் இருந்த பாதியில் நெருக்கமாகத் தொங்கின. அவற்றிலும் சிலவற்றில்தான் பிள்ளை இருந்தது. உன்னைப் போல வராத இன்ஸ்பெக்டரை வரவைக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. மறுநாள் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஒரு தூளி கட்டினேன்.

மேஸ்திரி பதறினான். "ஆபீசம்மா புள்ளைக்குன்னா ஆபீஸ்லயே கட்டிக்கங்களேன்."

"இல்ல, இங்கயே இருக்கட்டும்."

அன்று மாலையே மூட்டைகள் வெளியேறின. "இன்ஸ்பெக்டர் வந்தாரோ இல்லியோ, ஆபீசர் புள்ள வந்துட்டா" என்று பெண்கள் சிரித்தார்கள். உன் அம்மா சாம்பல் கையைக் கழுவிவிட்டு வந்து, தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஆனியில் மகளுக்கு இருமல் தொடங்கியது. ஆடி முழுக்க நிற்கவில்லை. இருமல் மாறி, மூச்சை வெளியே விடும்போது ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நிலைப்படிக்கு வெளியே நின்று நீ பேசியபோது கேட்டது. டாக்டர், "வூட்டுல பொகை ஏதாச்சும் படுதா?" என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டார். "பெரம்பலூர்ல எங்கம்மாகிட்ட விடு. இல்ல வேலைய விடு. ஊரான் புள்ளைக்காக நம்ம புள்ளைய பலி குடுக்கிறியா?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கேட்டதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளை எடுத்துவிட்டால் அந்தத் தூளிகள் ஒரு வாரம் தாங்காது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உன் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தெரிகிறது.

பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. உதடு வெந்த பிள்ளையின் தாய், கொட்டை உடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்க தூக்கிக்கிட்டுப் போயிடுங்க ஆபீசம்மா. போவத்தான் வேணும். எங்க புள்ளைங்களுக்குக் கவுறு இருக்கு."

இரண்டு நாள் அந்தக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். படித்த பாடம் எதிலும் இது இல்லை. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. டிரம் நடுவில். கிழக்கே குடோன், புகை முழுக்க அங்கே போகிறது. மேற்கே என் ஆபீஸ் ரூம், மேசைமேல் துளி சாம்பல்கூட இல்லை. ஆனியிலிருந்து நான் நல்ல காற்றில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைப் புகையில் போட்டிருக்கிறேன், என் பிள்ளையையும் சேர்த்து.

முதலாளியிடம் போனேன். தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய சரக்கு பாதிகூட ஆகவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆபீஸையும் குடோனையும் மாற்றிக்கொள்ளலாம் சார் என்றேன்.

"ஏம்மா, பார்ட்டி வந்தா எங்க உக்கார வைப்பே?"

"குடோன்லதான் சார்."

"அந்தப் பொகையிலயா?" என்றார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழட்டும் என்று நின்றேன். பேனாவைத் திருகி மூடிவிட்டு, "இந்தச் சரக்கு போற வரைக்கும்" என்றார்.

மாற்றி ஒரு வாரமாகிறது. தூளிகள் ஆபீஸ் ரூமில். என் மேசை குடோனில். நேற்று மகளுக்குச் சத்தம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. இன்று மறுபடியும் கேட்பது போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஐப்பசி வரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். உன் அம்மா மட்டும் ஒருநாள் சாயங்காலம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உக்காருங்கம்மா" என்றேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர்தான் சொன்னார், "ஐப்பசி பொறந்தா காத்து திரும்பிடும் ஆபீசம்மா. கெழக்கேர்ந்து வர்ற வாடக் காத்து. அப்பொறம் பொகையெல்லாம் இந்தப் பக்கம் வராது, ஆபீஸ் ரூமுக்குத்தான் போவும்" என்று.

நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. ஐப்பசியில் சரக்கும் போயிருக்கும், ஆளை நிறுத்தலாம் என்கிற மாதம் வந்திருக்கும். அன்று தூளிகளை அவிழ்த்து, மறுபடியும் குடோனில் கட்ட வேண்டும். அதற்குள் மேஸ்திரி மூட்டையை அடுக்கிவிடாமல் இருக்க, ஆளுக்குக் காத்திராமல் என் மேசையை நானே ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கனமான மேசை. மறுமுனையைப் பிடிக்க உன் அம்மா வருகிறேன் என்றிருக்கிறார்.