கூரைப்புடவையில் ஒரு கறை

செஞ்சி,
12.12.2024

அன்பு மகள் தமிழினிக்கு அம்மா அமிர்தவல்லி எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஓசூரில் குளிர் அதிகம் என்கிறார்கள், ஹாஸ்டலில் போர்வை போதுமா? போனில் சொல்ல வாய் வராததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அவலூர்பேட்டைக்குப் பேசப் போனோம் இல்லையா, தாலியும் கூரைப்புடவையும் கைக்கு வந்தால்தான் பிள்ளை விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவான் என்று உன் மாமியார் பவுனம்மாள் சொல்லிவிட்டார். முறைதானே, அவர்கள் எடுத்த கூரை, கொடுத்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். "எங்க கூரை எப்பிடி வந்துச்சோ அப்பிடியே வரணும். ஒரு பொட்டு கறை இருந்தாலும் வாங்க மாட்டோம்" என்றார். முந்தானையில் அந்தக் குழம்புக் கறை இருக்கிறதே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மறுநாளே திண்டிவனம் ரோட்டில் ஒரு டிரை வாஷ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் பெயர் கேட்டான். நீ புருஷனை விட்டு வந்தது ஊரில் நாலு பேருக்குத்தான் தெரியும், இவன் வாயிலும் விழுவானேன் என்று பக்கத்து வீட்டு வசந்தா பெயரைச் சொன்னேன். கறை எப்படி என்றான். பந்தியில் சிந்தியது என்றேன். இரண்டையும் பில்லில் எழுதிக்கொண்டான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துக் கொடுத்தான். பார்டரின் பச்சைச் சாயம், புடவையின் அரக்கு உடம்பெல்லாம் இறங்கியிருக்கிறது. ஜரிகை கறுத்து, மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது. கறை மட்டும் அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு, "இன்னாம்மா, பழைய துணிய குடுத்துட்டு புதுசா கேக்கறீங்க? பில்லுக்குப் பின்னால படிங்க, கடை பொறுப்பில்லன்னு போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சட்டைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். நாமெல்லாம் அவனுக்கு ஒரு ஆளா?

நைனா என்னை விழுப்புரத்தில் வக்கீல் ரஞ்சனியிடம் அழைத்துப்போனார். அப்படி அச்சடித்துவிட்டால் மட்டும் கடைக்காரன் தப்பிவிட முடியாதாம்; வேலையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமாம். எனக்குத் தெம்பு வந்தது. பில்லை நீட்டினேன். "யாரும்மா வசந்தா?" என்று கேட்டார். உட்கார்ந்த இடத்திலேயே கூசிப்போனேன். யார் புடவை, கறை எப்படி வந்தது, பொய்ப் பெயர் ஏன் கொடுத்தேன், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மனு நிற்கும் என்றார்.

எழுதினேன், தமிழினி. முதல் வருஷக் கல்யாண நாளன்று, குழம்பில் உப்பில்லை என்று உன் வீட்டுக்காரன் தட்டைத் தூக்கி உன் மேல் வீசினான் என்று எழுதினேன். அன்று நீ அந்தப் புடவையோடுதான் இங்கே வந்து நின்றாய். சூடு பட்ட உன் கையை நான் பார்க்கவில்லை, புடவையைத்தான் பார்த்தேன். "அனுசரிச்சிப் போ" என்று மறுநாளே பஸ் ஏற்றி அனுப்பினேன். கடைக்காரனையும் பவுனம்மாளையும் திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கிறது. என்னை என்ன சொல்லித் திட்டுவது?

மனு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இருப்பது உன் கதை. நீ சரி என்றால்தான் கொடுப்பேன். கொடுத்தால் புடவை சாட்சியாக ஆணையத்துக்குப் போய்விடும், பவுனம்மாள் பிள்ளையின் கையெழுத்தை இன்னும் இழுத்தடிப்பார். அவன் கையெழுத்து இல்லாமல் நாமே தனியாக விவாகரத்து வழக்குப் போடலாம், ஆனால் நாளாகும் என்கிறார் ரஞ்சனி. வேண்டாம் என்று நீ சொன்னால் கிழித்துப் போடுகிறேன். உன் மேல் வருத்தப்பட மாட்டேன்.

பொங்கலுக்கு வா. அக்கம்பக்கம் பார்க்காமல் இருட்டிய பிறகு வா என்று இதுவரை சொன்னேனே, இனி சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன். கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்து போகலாம்.

நன்றாக இரு, மகளே.

உன் அம்மா,
அமிர்தவல்லி