கருப்பண்ணன் கிணற்றில் வந்த எலும்புகள்

ஆட்டையாம்பட்டி,
1936, மாசி மாதம்

சௌபாக்கியவதி சாரதாமணிக்கு, உன் அப்பா மருதாசலம் எழுதுவது. இரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடியின்றி இருப்பதை உன் கடிதத்தால் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. உன் தோழி குஞ்சம்மாளின் கலியாணம் பரிசம் போட்ட பின்பும் நின்றுபோனது ஏன் என்று கேட்டிருந்தாய். அதை நடந்தது நடந்தபடி தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். உன் அம்மாவை எழுதச் சொன்னால் பாதி அழுகையாகவே இருக்கும். ஆகையால் நானே எழுதுகிறேன்.

குஞ்சம்மாளின் தகப்பனார் கருப்பண்ணன் தம் மேட்டாங்காட்டில் புதுக் கிணறு எடுத்தார். ஆளுயரம் தோண்டுவதற்குள் கடப்பாரை ஏதோ பானையில் இடித்தது. மண்ணை வாரியபோது ஓட்டாஞ்சில்லுகளும் மனித எலும்புகளும் சேர்ந்து வந்தன. அவருடைய தாத்தா ஆண்டியோடு ஒரு மாட்டு வியாபாரி சந்தைக்குப் போனதாகவும், ஆண்டி மட்டும் திரும்பி வந்ததாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டென்பது உனக்கே தெரியும். இது அந்த வியாபாரியின் எலும்புதான் என்று ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் குடம் உடைக்காமல் எந்தப் பிணத்தையும் அனுப்புவதில்லை அல்லவா, அதனால் அந்தச் சில்லுகளே சாட்சியாகிவிட்டன. கொன்றவர் பேய்க்குப் பயந்து கொள்ளிக்குடமும் உடைத்துப் புதைத்திருக்கிறார் என்றார்கள். பச்சமுத்துவைத்தான் உனக்குத் தெரியுமே, "ஆண்டிப் பாட்டன் கொன்னாலும் மொறையாத்தானுங்க கொன்னிருக்கறாரு" என்று சொல்லி ஊரையே சிரிக்கவைத்தான்.

எலும்பு கண்டால் போலீசுக்கு எழுதவேண்டியது கிராம முன்சீப்பான என் கடமை, எழுதினேன். அது சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் போலீசார் வந்து கருப்பண்ணனை விசாரித்துப் போன செய்தி ஜலகண்டாபுரத்தில் குஞ்சம்மாளுக்கு நிச்சயித்த பையனின் தகப்பனார் தீர்த்தகிரியின் காதுக்கு எட்டியது. பரிசப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். குஞ்சம்மாள் தானே அதை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போனாளாம். இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை.

சில்லுகளை எடுத்துப் பத்திரப்படுத்தும்போது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. விளிம்புத் துண்டுகளைத் தரையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன். தோளில் சுமக்கிற குடத்துக்கு அப்படி வாய் இருக்கமுடியாது. உன் அம்மா நெல் அவிக்கும் அண்டாவே அதனுள் இறங்கும். உடனே சென்னையில் உள்ள புதைபொருள் ஆராய்ச்சி இலாகாவுக்கு எழுதினேன். அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருந்த சிறு கலயங்களையும் துருவேறிய ஒரு கத்தியையும் கண்டு, இது இறந்தவரை வைத்துப் புதைத்த தாழி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது என்றார். குழியின் ஓரத்தை அகலப்படுத்தியபோது இன்னும் சில தாழிகள் வாயில் பலகைக்கல் மூடியபடி வரிசையாக நின்றன. பச்சமுத்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அப்ப ஆண்டிப் பாட்டன் ஒரு சந்தையவே கொன்னுபோட்டாருங்களாட்ட" என்றான். இந்தத் தடவை கருப்பண்ணனும் சிரித்தார். பிறகு அவர் அதிகாரியிடம், "இவிங்க எங்க முப்பாட்டனுங்களா சாமி?" என்று கேட்டார். எலும்பு அதைச் சொல்லாது, உம்முடைய முன்னோராகவும் இருக்கலாம், என்னுடைய முன்னோராகவும் இருக்கலாம் என்றார் அதிகாரி. கருப்பண்ணனின் மனைவி பெருமாயி, "ஆரா இருந்தா என்னுங்க, வெய்யில்ல கெடக்கறாங்க" என்று சொல்லி, வீட்டிலிருந்து துவைத்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

போலீசார் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். நான் தண்டோரா போட்டு அறிவித்தேன். ஜலகண்டாபுரத்துக்கும் ஆள் அனுப்பினேன். தீர்த்தகிரி அவனிடம், "சர்க்காரு காயிதம் இருக்கட்டுமுங்க. அந்த முன்சீப்பு இத்தன வருசத்துல அந்தூட்ல ஒருவாய்த் தண்ணி குடிச்சிருக்கறாரா, கேட்டுட்டு வாங்க பாப்பம்" என்றாராம். குடித்ததில்லை என்பது உண்மை. வேலையில் அமர்ந்த நாள் முதல் ஊரில் எந்த வீட்டிலும் நான் கை நனைப்பதில்லை. வழக்குத் தீர்க்கிறவன் ஒருவர் சோற்றை உண்டால் மற்றவர் நம்பமாட்டார் என்பதற்காக வைத்துக்கொண்ட விதி அது. எல்லோருக்கும் பொதுவான அந்த விதியை ஊர் கருப்பண்ணன் வீட்டுக்கு மட்டும் பொருத்திப் பார்த்திருக்கிறது. இனி அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பெண்ணுக்கு வயதாகிவிடும். அந்த வியாபாரி என்ன ஆனார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக யாரிடமும் சொல்லமாட்டேன். அந்தக் கிணற்றில் கிடந்தவர் அவரல்லர் என்பது தெரியும். அதற்கு மேல், ஆண்டியின் கணக்கை அவருடைய கொள்ளுப்பேத்தியிடம் கேட்க யாருக்கும் நியாயம் இல்லை.

குழந்தைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரே கொடு. பல் முளைக்கும் காலம், இரவில் காலுறை போட்டு வை. மாப்பிள்ளையை நேரத்துக்கு உண்ணச் சொல். கொங்கலம்மன் அருளால் மூவரும் தீர்க்காயுளோடு வாழ ஆசீர்வதிக்கிறேன். குஞ்சம்மாளுக்கு இரண்டு வரி எழுத மறவாதே. எனக்கு வரும் உறைக்குள் வைக்காமல் அவள் பெயருக்கே அனுப்பு. இரங்கூனிலிருந்து அவளுக்குத் தபால் வருவதை ஊர் பார்க்கட்டும்.

நாளை சந்தை நாள். சனங்கள் தெரு நிறையப் போகும் வேளையில், கருப்பண்ணன் வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, பெருமாயி போடும் கம்மஞ்சோற்றை நான் வயிறாரச் சாப்பிடுவேன். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஜலகண்டாபுரத்துக்கு வண்டி ஏறுவேன்.

உன் அப்பா,
ஆ. மருதாசலம்