பதினான்காம் காம்பராவில் இரண்டு குடும்பம்

கந்தப்பளை
7 மார்ச் 2025

என் இஷ்ராவுக்கு,

சுகமா? உன் வாப்பாவின் கடை எப்படிப் போகிறது? போன் எடுத்தால் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் வெள்ளிதோறும் உங்கள் அலுவலகத்துக்கு வரும் படிவக் கட்டுக்குள் இதையும் செருகிவிட்டேன்.

நீ செய்து அனுப்பிய தரவுத்தளத்தோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். மண்சரிவு அபாயமுள்ள லய வரிசை வீடுகளில் இருப்பவர்களைப் புதிய வீட்டுக்குப் பதிவதுதானே என் வேலை. தோட்டத்து மேல் டிவிஷனில் பதினான்காம் காம்பரா என்ற ஒற்றை அறையில் செல்லசாமி, மனைவி, மகன் ஒரு குடும்பம். பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பியின் மனைவி காளியாயி. தம்பி இறந்து ஆறு வருடம். காளியாயிக்கு இரண்டு மகள்மார். செல்லசாமியை ஏற்றுக்கொண்ட கணினி காளியாயி அக்காவை உள்ளே விடவில்லை. "இந்த இலக்கம் ஏற்கெனவே உள்ளது" என்று ஒரே பல்லவி. பதினைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டேன்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு அடுப்பு எரியுது புள்ள, அப்ப ரெண்டு குடும்பந்தானே" என்றார். உன் கணினிக்கு இதை எப்படிப் புரியவைப்பது? சீக்கிரம் எழுது.

உன்
சுதர்ஷினி


கொழும்பு
12 மார்ச் 2025

அன்புள்ள சுதா,

கோபிக்காதே. அது கோளாறு இல்லை. ஹட்டனில் டிப்ளோமா படித்தபோது கடைசி வாங்கில் தூங்கியது நீதானே, மறுபடி பாடம் கேள்.

இதில் இரண்டு அட்டவணைகள். ஒன்று குடும்பங்களுக்கு, மற்றது ஆட்களுக்கு. ஒவ்வொரு குடும்ப வரிசைக்கும் ஒரு முதன்மைச் சாவி உண்டு. ஒரு வரிசையின் சாவி இன்னொன்றுக்கு வரவே கூடாது. நான் காம்பரா இலக்கத்தைச் சாவியாக வைத்திருக்கிறேன். ஆட்கள் அட்டவணையில் ஒவ்வொருவர் பெயரோடும் அதே இலக்கம் நிற்கும். அது அந்நியச் சாவி. இவர் எந்தக் குடும்பத்து ஆள் என்பதை அதை வைத்துத்தான் கணினி கண்டுபிடிக்கிறது.

ஆகவே காளியாயியையும் பிள்ளைகளையும் செல்லசாமி குடும்பத்து ஆட்களாகப் பதிந்துவிடு. பெயர் உள்ளே இருந்தால் போதும். மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டும், எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

உம்மா உன்னை நோன்புப் பெருநாளைக்கு வரச் சொன்னார்.

அன்புடன்
இஷ்ரா


கந்தப்பளை
9 மே 2025

இஷ்ரா,

பெருநாளைக்கு வர முடியவில்லை, உம்மாவிடம் சொல். இப்போது நடந்ததைக் கேள்.

செல்லசாமி கினிகத்தேனையில் மகன் எடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தனக்கு இனி வீடு வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தார். குடும்பத்தை நீக்கு என்று மேலதிகாரி சொன்னார், நீக்கினேன். "நீக்கவா?" என்று கணினி ஒரு தடவை கேட்டது. ஆம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

நேற்றுத் தோட்ட ஆபீஸில் வீட்டுப் பட்டியல் ஒட்டினார்கள். காளியாயி அக்காவின் பெயர் இல்லை. மூத்த மகள் லோஜினி மூன்று தடவை மேலிருந்து கீழே வாசித்தாளாம். நான் ஓடிவந்து ஆட்கள் அட்டவணையைத் திறந்தேன். நீ சொன்னபடி செல்லசாமியின் கீழ் பதிந்த அந்த மூவரும் அதில் இல்லை. செல்லசாமியோடு அவர்களும் அழிந்து போயிருக்கிறார்கள்.

மழை பெய்தால் அந்த லயத்தின் பின்சுவரில் தண்ணீர் ஒழுகுகிறது. இதற்கு என்ன செய்யலாம், உடனே சொல்.

சுதர்ஷினி


கொழும்பு
15 மே 2025

அன்புள்ள சுதர்ஷினி,

குடும்ப வரிசையை நீக்கினால் அதோடு இணைந்த ஆட்களும் நீங்கும்படி அமைப்பு உள்ளது. உரிமையாளர் இல்லாத பெயர்கள் தொங்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. பெக்கப் நகலில் பார்த்தேன். வாராவாரம் பழையதன் மேலேயே புதியது எழுதப்படுவதால் பழைய பதிவு கிடைக்கவில்லை. பெயர்களை மறுபடி ஏற்றலாம். வெளியான பட்டியலை மாற்றுவது என் கையில் இல்லை.

நீக்கியவர் பெயர் என்று பதிவேட்டில் உன் பெயர்தான் இருக்கிறது. விளக்கம் கேட்டால் பதற்றப்படாமல் எழுது.

இஷ்ரா


கந்தப்பளை
20 மே 2025

இஷ்ரா,

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. கவனக்குறைவாம். நீ எழுதியதும் அந்தக் கடிதமும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கின்றன.

பெக்கப்பும் விதியும் எனக்குத் தெரிய வேண்டாம். ஒரு லயக் காம்பராவில் ஒரு குடும்பம்தான் இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? இதற்கு மட்டும் பதில் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

சுதர்ஷினி


கொழும்பு
9 ஜூன் 2025

அன்புள்ள சுதா,

யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்டுக்கொண்டேன்.

நான் வளர்ந்தது ஹட்டன் டவுனில், கடைக்கு மேல் வீட்டில். லயத்தை பஸ் ஜன்னலால் பார்த்ததுதான் அதிகம். முதல் நாளே பத்து நிமிடத்தில் காம்பரா இலக்கத்தைச் சாவியாக்கினேன். உன் முதல் கடிதத்தை வாசித்தபோதே பிழை விளங்கிவிட்டது. காம்பராவுக்கு ஓர் அட்டவணை, குடும்பத்துக்கு வேறோர் இலக்கம் என்று பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் எல்லாத் திரைகளையும் மாற்ற வேண்டும், தவணை தப்பும், என் ஒப்பந்தம் போகும். அதனால் உனக்குப் பாடம் நடத்தினேன். உன்னைத் தூங்கியவள் என்று கேலியும் செய்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிழை அமைப்பில்தான், சுதர்ஷினி நான் சொன்னபடிதான் பதிந்தாள் என்று தமிழிலும் சிங்களத்திலும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். பிரதி இத்துடன். அட்டவணைகளையும் பிரித்துவிட்டேன். காளியாயிக்கு இப்போது தனிக் குடும்ப இலக்கம். பதினான்காம் காம்பராவைப் போல இன்னும் நாற்பத்தொரு காம்பராக்கள் அகப்பட்டன. இந்த வேலையில் இன்றிலிருந்து நான் இல்லை.

இந்தச் சுற்று வீடுகள் கொடுத்து முடிந்துவிட்டன. அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

இஷ்ரா


கந்தப்பளை
14 ஜூன் 2025

இஷ்ரா,

உன் கடிதத்தைக் காட்டியதும் என்மேல் வந்த விசாரணையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் எனக்கு உன்மேல் இருந்த ஆத்திரம் போகவில்லை. இப்போதும் முழுதாகப் போகவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

நேற்று மாலை தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு காளியாயி அக்காவிடம் பிரதியைக் கொண்டுபோனேன். லோஜினி வாசித்துக் காட்டினாள். தனி இலக்கம் கிடைத்துவிட்டது என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அக்கா அதை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "நம்பர் வந்திருச்சு, சரி புள்ள. வீடு எப்ப வரும்?" என்றார்.

தேத்தண்ணி கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மழை.

அடுத்த சுற்றுக்கு மேன்முறையீடு எழுத வேண்டும். அக்காவுக்கு மட்டுமில்லை, நாற்பத்திரண்டு காம்பராவுக்கும். எனக்குச் சிங்களத்தில் அவ்வளவு எழுத வராது. உனக்குத்தான் இப்போது வேலை இல்லையே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. முதலில் அக்கா வீட்டுக்குப் போவோம். வீடு எப்போது என்று அவர் மறுபடி கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் இந்தத் தடவை நீயும் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

குடை கொண்டு வா.

சுதா