நான் சாக்பீஸ் எடுக்காத வருடம்

சார்,

இன்று காலை நம் வேதியியல் ஆய்வகத்தில் உங்கள் படத்தை மாட்டி, சம்பங்கி மாலை போட்டார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் உப்புப் பரிசோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்கு முன்னால் சம்பங்கி எம்மாத்திரம்? என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். பேசாததை இங்கே எழுதுகிறேன்.

விரிவுரையாளர் வேலைக்கு நான் நேர்காணலுக்கு வந்தபோது நீங்கள் துறைத்தலைவர். என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றீர்கள். இல்லை என்றேன். "கல்யாணம் ஆனா புருஷன் ஊருக்குப் போயிடுவ. நாங்க மறுபடி ஆள் தேடிக்கினு இருக்கணும்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வேதியியலில் ஒரு கேள்வி இல்லை. "வேணும்னா லேபுக்கு வாம்மா" என்று செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கொடுத்தீர்கள். வேறு வழியில்லாமல் வந்தேன். விரிவுரையாளர் வேலை உங்கள் அக்கா மகனுக்குப் போனது.

அவர் கெட்டவரில்லை. கைடைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பிறகு லேபில் என்னிடம் வருவார்கள். "மேடம், சார் நடத்துனாரு, ஒண்ணும் ஏறல." கறுப்புக் கல்மேசைமேல் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். டைட்ரேஷன் முடிவதற்குள் ஒரு பாடம் முடிந்திருக்கும். மூன்று வருடம் நல்ல ரிசல்ட். கல்லூரி விழாவில் அவர் முதுகைத் தட்டி, "என் செலக்ஷன் எப்படி?" என்றீர்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

அடுத்த ஆண்டு சாக்பீஸை எடுக்கவில்லை. யார் வந்தாலும், "அது தியரி. சாரைக் கேளுங்க." இறுதியாண்டில் பாதிப் பேர் தோற்றார்கள். நீங்கள் லேபுக்கே இறங்கி வந்தீர்கள்.

"என்னம்மா இது? பசங்கள நீ கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"என்னை லேபுக்குத்தானே சார் எடுத்தீங்க."

"வேணும்னேதான் விட்டியா?"

பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. அதுவே பதில் என்று உங்களுக்குப் புரிந்தது. ஜூனில் அக்கா மகன் வேறு கல்லூரிக்குப் போனார்; வகுப்பு எனக்கு வந்தது. உத்தரவை நீங்களே கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போதிருந்த உங்கள் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது.

தோற்றவர்களில் கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்தி. அந்த ஆண்டு மூன்று முறை நோட்டோடு என் முன்னால் வந்து நின்றவள். வீட்டில் மறுதேர்வுக்கு அனுப்பவில்லை, கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து, ஒரு பௌர்ணமியன்று பஸ் ஸ்டாண்டு கிரிவலக் கூட்டத்தில் என் கையைப் பிடித்தாள். "மேடம், என்னை ஞாபகம் இருக்குதுங்களா? மொத ரெண்டு வருஷம் லேப்ல எவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்தீங்க! அப்புறம் எனக்குத்தான் மண்டையில ஏறல."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தேன்.

அவள் தோற்றதையும் உங்கள் தலையில் கட்டிவிட எவ்வளவோ முயன்றேன். உங்களை மன்னிக்காமலிருப்பது சுலபமாக இருந்தது. இந்தப் பழியை உங்கள்மேல் போடத்தான் முடியவில்லை. அந்த வருடம் நான் செய்தது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இனி எனக்கு மட்டும்.