அப்பாவின் பிரதியில் காலடிச் சத்தம் இல்லை

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்றால் நீ நம்பமாட்டாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்து சேர முடியவில்லையே என்று போனில் அழுதாய். அழாதே கண்ணு. வெளிவராத படம் திருட்டுத்தனமாக வெளியே போய், அதில் காலடிச் சத்தம் இல்லை என்றதும் படத்தில் நடக்கிறவர்களுக்குக் காலடிச் சத்தம் போட்டுச் சேர்க்கிற அப்பாவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், அந்தச் சத்தம் சேராத பிரதி அவரிடம்தானே இருந்தது. வீட்டுக்குப் பிரதி வாங்கிப் போனவர் நீங்கள்தானே என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்ட அன்றே மனுஷன் பாதி செத்துவிட்டார். அந்தச் சத்தத்துக்காகப் பழைய செருப்பு, ஷூ எல்லாம் போட்டுவைக்கும் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒவ்வொருத்தர் பிரதியிலும் கண்ணுக்குத் தெரியாத குறியை வெவ்வேறு மாதிரி வைக்கும் உங்கள் ஆபீசைப் பற்றி முன்பே முதலாளியிடம் சொன்னவரே அவர்தான். என் பிரதியை முதல்ல பாரு, நான்னா நான்னே எழுதுன்னு உன்னிடம் சொன்னார். நீ அதைத் தொடாமல், எந்தப் பிரதி யாருடையது என்று தெரியாத ஆளிடம் சோதிக்கக் கொடுத்தாய். அந்தப் பிள்ளைக்கும் என் நன்றியைச் சொல். இரண்டு பேருடைய பிரதிகளைத் திருடர்கள் ஒன்றாகக் கலந்துவிட்டார்களாமே, இரண்டு சட்டையை வெட்டி ஒன்றாகத் தைத்தாலும் எந்தத் துணி எதிலிருந்து வந்தது என்று தெரியாதா என்ன. இரண்டுமே அப்பாவுடையது இல்லை.

முதலாளி வீட்டுக்கே வந்து, அண்ணே தப்பாப் பேசிட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா, மொதல்ல டீயக் குடிங்க, ஆறுது என்றார். அவர் போனதும் என்னிடம், நம்ம பொண்ணு எனக்காகப் பேசலடி, அவ கணக்கு பேசிச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மிச்ச வேலையை முடித்தார். முடித்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார். பேர் கெடாமல் போனார். பெற்ற மகளுக்கு நன்றி சொல்வது வழக்கமா தெரியாது, நான் சொல்கிறேன்.

அப்பாவிடம் இருந்த பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி, ஒரு நாள் குடுங்கக்கா என்றாள். வெளிய போனா என் பொண்ணே வந்து என்னைப் புடிப்பா என்றேன். நேற்று அதைப் போட்டேன். அதில் எல்லோரும் சத்தமே இல்லாமல் நடக்கிறார்கள். வீடும் அப்படித்தான் இருக்கிறது. கதாநாயகி படியிறங்கும்போது அப்பா பெட்டியிலிருந்த குதிகால் உயர்ந்த ஷூவைக் கையில் மாட்டித் தரையில் தட்டினேன். ஒவ்வொரு அடியும் பிந்திப் போனது. அவர் இருந்திருந்தால், அவ எறங்கிட்டா, நீ இன்னும் மாடியிலயே நிக்கிறியேடி என்றிருப்பார்.

தலை நிமிர்ந்து, நிறைவாக வாழ்வாய் நீ. ஒன்றை மறந்துவிடாதே, அங்கே தியேட்டரில் படம் வந்தால் போய்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள். அப்பா நடப்பது கேட்கும்.

உன் அம்மா