முருகன் ஏழுக்கு என்ன பேர் எழுதுவது?

என் அன்பு மச்சான் யோகனுக்கு,

இது உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். நீ உயிரோடிருந்தபோது எழுதியதில்லை. பக்கத்து வளவில் இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்?

முரசுமோட்டைக்குத் திரும்பிவிட்டோம். உன் தங்கச்சி சுகம். உன் பாட்டுகள் இருக்கிற மெமரி கார்டும் சுகம். கடைசிச் சண்டைக்குள் அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாய். நீயும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. அவள் அதைக் கொண்டைக்குள் செருகி, செட்டிகுளம் அகதி முகாமையும் கடந்து கொண்டுவந்தாள். இவ்வளவு காலமும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவள், இந்த வருடம்தான் என்னிடம் தந்தாள். "ஒவ்வொண்டாக் கேட்டுச் சரியான பேரை எழுதுங்கோ."

ஏனென்றால் நீ செய்துவிட்டுப் போன வேலை அப்படி. சோதனையில் ஆமி பார்த்தால் பக்திப்பாட்டு என்று நினைக்கட்டும் என்று, பதுங்குகுழிக்குள் இருந்தபடி எல்லாவற்றுக்கும் சாமிப் பேர் வைத்திருக்கிறாய். கோயில் வாசலை மிதிக்காத உனக்குள் இத்தனை சாமியா? 'அம்மன் மூன்று' இயக்கப் பாட்டு. 'ஐயப்பன்' சினிமாக் குத்துப்பாட்டு.

நான் அம்மன்களை முடிக்கமுன்னரே, உன் ஒலிபெருக்கித் தொழிலை இப்போது செய்யும் ரமணன் வந்து, கோயில் பொங்கலுக்கென்று முருகன் முழுவதையும் பிரதி எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலன்று விடியக்காலை கோயில் ஸ்பீக்கரில் 'முருகன் ஏழு' போனது. முதலில் காற்று இரைந்தது. பிறகு எறிகணை.

போரைக் கண்ட வயதுக்காரர் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். பிறகு பிறந்த பிள்ளைகள் நின்றபடி சிரித்தார்கள். பொங்கல் பானை சரிந்து ஒரு கிழவரின் முதுகு வெந்தது. அவர் அசையவில்லை, எழும்பினால் தலை போகும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும். ஐயர் பலிபீடத்துக்குப் பின்னால் சுருண்டார். எழும்பியவர்கள் ரமணனைப் பிடித்தார்கள். "நாயே, எங்களைத் திரும்பவும் கொல்லுறியோ?" அவன் பல் உடைந்தது. ஒருவன் மண்வெட்டியால் ஸ்பீக்கர் பெட்டியை ஆளை வெட்டுவதுபோல் வெட்டத் தொடங்கினான்.

சரசக்கா ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்தார். "வெட்டாதையடா! அது என்ர நிலானி!" மண்வெட்டி அவருடைய தோளில் இறங்கியது. பெட்டிக்குள் ஒரு பிள்ளை "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தது. அடுத்த வெட்டில் பெட்டி அடங்கியது.

நினைவிருக்கிறதா? மகள் நிலானியை உன் பதுங்குகுழியில் விட்டுவிட்டுக் கஞ்சி வரிசைக்குப் போனவர் அவர். திரும்பி வந்தபோது குழியில் ஒருவருமில்லை. பிள்ளை காயக்காரரோடு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக யாரோ சொன்னார்களாம். அதை நம்பி இன்றுவரை மகளின் படத்தோடு, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாரின் தெருவோரப் பந்தலில் இருக்கிறார்.

வீட்டில் நான், நீ குழிக்குள் பதிந்த அந்தப் பதிவு முழுவதையும் கேட்டேன். பாட்டைக் கேட்டுப் பேர் சொல்லும் ஆப் ஒன்று இப்போது போனில் இருக்கிறது. அதையும் கேட்கவிட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவரின் ஆட்டப்பாட்டு என்றது. தாளம் சரிதான்.

பிள்ளையின் குரல் ஒரு வெடியோடு நிற்கிறது. பிறகு உன் குரல்: "பிள்ளை முடிஞ்சுது." அவ்வளவுதான்.

மறுநாள் தோளில் தையலோடு சரசக்கா வந்தார். அவருக்குப் போட்டுக் காட்டமுன்னர் பதிவின் கடைசித் துண்டை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். "அதை வெட்டினீங்களெண்டா உங்களை நான் வெட்டுவன்" என்றாள் உன் தங்கச்சி.

சரசக்கா கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டார். திரும்பவும் கேட்டார். அழவில்லை. இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தம்பி, எந்தப் பிள்ளையெண்டு யோகன் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையக்கா."

"அங்க கன பிள்ளையள் இருந்ததுகள்."

பந்தலுக்குப் போகிற பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

ஊரில் யார் செத்தாலும் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இன்னாரின் மகள், இன்ன இடம் என்று வழுவில்லாமல் அறிவித்தவன் நீ. இந்த ஒரு பேரை ஏன் விழுங்கினாய்? தெரியாமலா? தெரிந்துதானா?

மற்ற எல்லாவற்றுக்கும் சரியான பேர் எழுதிவிடுவேன் மச்சான். இதற்கு மாட்டேன். சரசக்கா இருக்கும்வரை இது முருகன் பாட்டுத்தான். யார் வந்து கேட்டாலும் பக்தியோடு அப்படியே சொல்வேன்.

உன் தங்கச்சியின் மனுசன்,
உன் மச்சான்